அமுக்கினால் அடுத்த வீட்டில் ஓடும்

சாத்தூர் உப்புக்கிணற்றுத் தெருவில் கொஞ்ச காலம் முன்புவரை யாரும் நன்றாக இருப்பதாக ஒப்புக்கொண்டதே கிடையாது. வியாபாரம் எப்படி என்று கேட்டால் ஏதோ ஓடுது என்பார்கள், மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதாமே என்றால் கிடைச்ச மாதிரிதான் இருக்கு என்பார்கள், புது ஃபிரிட்ஜ் வந்தால் அதற்குப் பழைய போர்வையைப் போர்த்தி, உடம்புக்கு முடியாத ஆளைக் கூட்டிப்போவது போல ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோவார்கள். வாசலுக்கு வாசல் நாக்கைத் தொங்கவிட்ட பூசணிக்காயும், படிகாரமும், கறுப்புக் கயிற்றில் கோத்த மிளகாயும் ஆடிக்கொண்டிருக்கும். கண்ணுக்குப் பயந்த தெரு அது. அந்தத் தெருவில்தான் காளிராஜ் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தான், அது ஓடவில்லை.

காளிராஜ் கல்யாண ஆல்பம் போடுகிறவன். மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைப்பது, தாய்மாமன் கண்ணை மூடியிருந்தால் வேறொரு போட்டோவிலிருந்து அவர் கண்ணை எடுத்து வந்து திறந்துவைப்பது, முகத்தைத் தூக்கிவைத்திருக்கும் சம்பந்திகளைச் சிரிக்கவைப்பது எல்லாம் அவனுக்குக் கைவந்த வேலை. ஆனால் அத்தனையையும் அவன் சோலைமலையின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்தான், ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் தங்க எழுத்தில் சோலைமலையின் பெயர் விழுந்தது, அதைப் பார்க்கப் பார்க்க அவன் வயிறு எரிந்தது. அவன் வயிற்றெரிச்சல் சாதாரணப்பட்டதும் இல்லை. நின்றுகொண்டே தூங்குகிறவனை பஸ்ஸில் பார்த்தால் அந்தத் தூக்கத்துக்காகப் பொறாமைப்படுவான், பக்கத்து வீட்டு முருங்கை தன் வீட்டு முருங்கையைவிட நீளமாகக் காய்த்தால் அன்றைக்குச் சாம்பாரைத் தொடமாட்டான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவன் மனைவி மாரீஸ்வரி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இந்த மனுஷன் கண்ணில் தெருவே இருக்கிறது, நான் ஒருத்திதான் இல்லை என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

மாரீஸ்வரி தையல்காரி. உள்ளறை ஜன்னலோரம் அவளுடைய மோட்டார் மிஷின் இருந்தது. கையைத் தொட்டுப் பார்த்தே ஜாக்கெட்டுக்கு அளவு சொல்லிவிடுவாள் என்று அவளுக்குப் பெயர். சோலைமலையிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்த காளிராஜ் தனக்கென்று கம்ப்யூட்டர் சாமான்களை வரவழைத்த அதே வாரம், அந்த மோட்டார் புகைந்து நின்றுவிட்டது.

"கம்ப்யூட்டர் ஓடட்டும் மாரி, மறுநாளே ஒனக்குப் புது மோட்டார்" என்றான் காளிராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பிரித்துக்கொண்டே.

முன்னறையில் பாய் விரித்து, கை கழுவி, சாமி கும்பிட்டுவிட்டு அவன் வேலையை ஆரம்பித்தான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கறுப்பு கேபினெட், வெள்ளி நிறத்தில் மதர்போர்டு, உள்ளே சுற்றும்போது நிறம் மாறுகிற விசிறிகள், கையால் தூக்கினால் கனக்கிற கிராஃபிக்ஸ் கார்டு. ஒவ்வொன்றையும் குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி மாட்டினான். நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, கட்டைவிரலால் பட்டனை அமுக்கினான். விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை, டிக் என்றொரு சத்தம்கூட இல்லை. மறுபடி அமுக்கினான், அழுத்திப் பிடித்தான், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான், எதற்கும் அது அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் சோலைமலை சிரித்த முகத்தோடு கையில் இனிப்புப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் ஸ்டுடியோவில் என்றோ செத்துப்போய், தலையில் பூந்தொட்டியைச் சுமந்துகொண்டு நின்ற பழைய பிரிண்டர், சற்று முன்னால் தானாக உலுக்கிக்கொண்டு எழுந்து, தொட்டியைக் கீழே தள்ளிவிட்டு, படம் படமாகப் போட ஆரம்பித்துவிட்டதாம்.

"அதுக்கு கரண்டு வயரே கிடையாதுடா காளி, வயரை என்னைக்கோ எலி தின்னுருச்சு" என்றார் சோலைமலை. "சரி, மிஷினுக்கும் மனசு மாறும்ல. எடுத்துக்க, இனிப்பு."

காளிராஜ் இனிப்பை வாங்கி வைத்துவிட்டு மறுபடி கேபினெட்டைக் கழற்றினான்.

கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் என்னென்ன பார்க்க வேண்டுமோ அத்தனையும் பார்த்தான். சுவரில் கரண்டு வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தான், வந்தது. பின்பக்கத்துக் குட்டி சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தான், அணையவில்லை. மதர்போர்டுக்குப் போகிற தடித்த கேபிளைப் பிடுங்கி மறுபடி சத்தம் வருகிற வரைக்கும் அழுத்திச் சொருகினான், சொருகும்போது எதிர்வீட்டு குருசாமியின் ஏ.சி. ஜில்லென்று ஓடுகிற சத்தம் காதில் விழுந்து நெஞ்சு காந்தியது, அந்தக் காந்தலோடு பட்டனை அமுக்கினான், குருசாமி வீட்டில் கோடைக்கு முன்பே எரிந்துபோன தண்ணீர் மோட்டார் ஓடி மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினான், காசு மாதிரி இருக்கிற பேட்டரியை எடுத்துவிட்டுப் போட்டான், பட்டனிலிருந்து வருகிற நூல் வயர்களைத் தப்பான கம்பியில் மாட்டிவிட்டோமோ என்று பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு கம்பிகளையும் தொட்டுப் பார்த்தான். கடைசியில் மதர்போர்டையே வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் படுக்கப்போட்டும் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் தெருவில் யார் வீட்டிலோ எதுவோ எழுந்து ஓடியது. ஒரு வீட்டில் வாரிசுச் சண்டையில் உடைந்த டி.வி. பேசியது, இன்னொரு வீட்டில் பரணில் கிடந்த மிக்ஸி வெறும் ஜாரை அரைத்தது. அணைத்தால் போச்சு, மறுபடி ஓடாது. மறுபடி காளிராஜ் அமுக்க வேண்டும்.

இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது மாவுமில் ராஜகனி. ராஜகனியின் கணவன் சூரத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டவன். அவள் மில்லைத் தனியாளாக ஓட்டி, மில்லிலேயே நின்றவாக்கில் சாப்பிட்டு, மேலெல்லாம் மாவோடு திரிகிறவள். ஒருநாள் காலையில் அவள் புது ஸ்கூட்டரைப் போர்வை போர்த்த மறந்து காளிராஜ் வாசல் வழியாக ஓட்டிப்போனாள், அவன் அதை முன்சக்கரத்திலிருந்து பின்விளக்கு வரைக்கும் பார்த்தான், அன்று மதியமே பழுதாகிக் கிடந்த அவளுடைய பழைய அரவை மோட்டார் தானாகச் சுழன்றது.

"மாரி, ஒம் புருசன் யாரைப் பாத்து வயிறு எரியுறாரோ அவக வீட்டுலதான் ஓடுது" என்றாள் ராஜகனி, ஜாக்கெட்டுத் துணியைக் கொண்டு வந்து கொடுக்கிற சாக்கில். "யோசிச்சுப் பாரு. மொதல்ல ஓடுனது யாரு வீட்டுல?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாரீஸ்வரிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விஷயம் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போனது, யாரும் வாயைப் பிளக்கவில்லை, இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது, கரண்டு கம்பியில் வருவது மட்டும் என்ன கண்ணுக்கா தெரிகிறது என்றார் குருசாமி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே கவலை, காளிராஜை எப்படிப் பொறாமைப்பட வைப்பது என்பதுதான். காலகாலமாக மூடிமூடி வைத்துப் பழகிய சனம், திடீரென்று திறந்து காட்டு என்றால் எப்படிக் காட்டும்? முதலில் கூச்சப்பட்டார்கள். குருசாமி வந்து, "எனக்கு இந்த வயசுலயும் சர்க்கரை கிடையாது தம்பி" என்று சொல்லிவிட்டு, சொன்ன பயத்தில் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. மருமகளுக்குப் போட்ட வளையலைக் கையோடு கொண்டு வந்து காட்டினார்கள், பேரன் கப்பலில் வேலை பார்க்கிற போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்து வந்தார்கள், காட்ட ஒன்றும் இல்லாத ஒருவர் தனக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடுகிறது என்று சொல்லி அன்றைய வெட்கிரைண்டரை ஓட்டிக்கொண்டார். வாசலில் தொங்கிய பூசணிக்காய்கள் ஒவ்வொன்றாக இறங்கின. படிகாரம் குப்பைக்குப் போனது. புது வீடு கட்டியவர்கள் காளிராஜைப் பத்திரிகை வைத்து அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, முதல் பந்தியில் சாப்பாடு போட்டு, அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நல்லா பாருங்க தம்பி, அவசரப்படாம பாருங்க என்று டைல்ஸைத் துடைத்துவிட்டுக் காட்டினார்கள். அவனும் பார்த்தான், எரிந்தான், வீட்டுக்கு வந்து அமுக்கினான், அவர்கள் வீட்டில் ஓடியது. ஓடவேண்டியது மட்டும் ஓடவில்லை.

காளிராஜுக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் இந்தத் தடவை ஓடிவிடும், அடுத்த தடவை ஓடிவிடும் என்று அமுக்குவதை அவனால் நிறுத்தவும் முடியவில்லை.

ஊர்ச் சாமானெல்லாம் ஓடுகிறது, உள்ளறையில் என் மிஷின் மட்டும் ஏன் பிணமாகக் கிடக்கிறது? மாரீஸ்வரி ஜாக்கெட்டுகளுக்குக் கையால் தைத்துத் தைத்து விரல் முழுக்க ஊசிப்புண் ஆக்கிக்கொண்டாள், முகூர்த்த மாதம் நெருங்க நெருங்கத் துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, பரவாயில்ல மாரி, வேற எடத்துல குடுத்துக்குறோம் என்று திருப்பி வாங்கிப்போனார்கள். கைத்தொழில் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவளுக்கு வந்துவிட்டது. அவளும் முயன்று பார்க்காமல் இல்லை. ஒருநாள் அவன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"ஏங்க, நேத்து ஒரு பொண்ணு வந்து, மதுரையில தச்சாக்கூட இப்படிப் பிடிப்பா வராதுன்னு சொல்லுச்சு."

"ம்" என்றான் காளிராஜ்.

"எனக்கு முடி பாருங்க, கொட்டவே மாட்டேங்குது. எங்க அக்காவுக்கெல்லாம் இப்பவே பாதி போயிருச்சு."

"ம்."

"எங்க அம்மா வீட்டுல என்னையத்தான் எல்லாருக்கும் பிடிக்கும்."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "என்ன மாரி, காலையில இருந்து ஒரு மாதிரியா பேசுற?"

"என்னையப் பாத்துக் கொஞ்சம் பொறாமைப்படுங்களேன். எம் மிஷினு ஓடும்."

"கட்டுன பொண்டாட்டியப் பாத்து எவனாவது பொறாமைப்படுவானா?" என்று சிரித்துவிட்டு அவன் மோரை ஊற்றிக்கொண்டான்.

ராஜகனியிடம் அதைச் சொன்னபோது அவளும் சிரித்தாள். "பொறாமைப்படணும்னா மொதல்ல ஆளைப் பாக்கணுமே மாரி" என்றாள். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்பது போல முந்தானையால் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டாள்.

அது மாரீஸ்வரியைத் தைத்துவிட்டது. அவன் பார்ப்பவன்தானே, ஊரிலேயே அவனைப் போலப் பார்க்கிறவன் யார்? குருசாமி மருமகள் தோட்டை மாற்றியது அவனுக்குத் தெரியும், சோலைமலை எந்த எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார் என்று தெரியும், யார் வீட்டு வாசலில் யார் செருப்பு புதுசு என்று தெரியும். மாரீஸ்வரி போன பொங்கலுக்கு வெள்ளைக்கல் மூக்குத்தியைக் கழற்றிவிட்டுச் சிவப்புக்கல் போட்டாள். அது இன்றுவரைக்கும் அவனுக்குத் தெரியாது. அவன் பொறாமைப்பட்ட ஒவ்வொருத்தர் மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது. அவர்கள் வளையலுக்காகவோ டைல்ஸுக்காகவோ இல்லை. அவர்களை அவன் அப்படி முன்னும் பின்னுமாகப் பார்த்தானே, அதற்காக.

வீட்டில் இருந்த ஒரே மின்விசிறி அந்தக் கேபினெட்டைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது, ஓடாத சாமானுக்கு என்ன புழுக்கமோ தெரியவில்லை. தூசி விழாமல் அதன்மேல் போர்த்தியிருந்தது அவளுடைய நல்ல சுங்குடிச் சேலை. கேட்காமலே எடுத்துப் போர்த்திவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் தடவிக்கொண்டு, "என்னடா கண்ணு வேணும் ஒனக்கு, வாயத் தொறந்து சொல்லேன்" என்று கேட்பான், அவள் உள்ளறையில் விளக்கு வெளிச்சத்தில் கொக்கி தைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பட்டனை வேறு யாரும் தொடக்கூடாது என்பது அவன் உத்தரவு. வீடு பெருக்கும்போதுகூடத் தள்ளி நின்று பெருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காளிராஜை இன்னொரு புதுவீட்டுக்காரர்கள் அழைத்துப்போனார்கள். மாரீஸ்வரியைக் கூப்பிடவில்லை, அவள் பொறாமைப்பட்டு அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? அவள் கல்யாணப்பெண் ஒருத்தியின் ஜாக்கெட்டைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் முகூர்த்தம், கழுத்து வேலையே இன்னும் பாதி கிடந்தது, ஊசி விரலில் ஏறிப் பட்டில் ஒரு சொட்டு ரத்தம் பட்டுவிட்டது. அவள் எழுந்து முன்னறைக்கு வந்தாள். சுங்குடிச் சேலையை உருவி எறிந்தாள். இன்றைக்கு நான் அமுக்கினால் என்ன, யார் வீட்டில் ஓடுகிறது என்று நானும்தான் பார்க்கிறேன் என்று நினைத்தாள். ராஜகனியின் மில் ஓடும் என்று நினைத்தாள், ஏனென்றால் யார் தயவும் இல்லாமல் நிற்கிறாளே என்று அவள்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. இல்லையென்றால் குருசாமி மருமகளை நினைத்து அவர்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும் என்று நினைத்தாள். ரத்தம் கசிகிற விரலாலேயே அமுக்கினாள்.

கம்ப்யூட்டர் ஓடியது. விசிறிகள் மெல்லக் கிளம்பி வேகம் பிடித்துச் சுழன்றன, நீலமும் பச்சையும் ஊதாவும் கண்ணாடிக்குள் சுற்றிச் சுற்றி வந்தன, திரையில் வெளிச்சம் விழுந்தது. உலகத்திலேயே தான் அதிகமாகப் பொறாமைப்பட்டது எதன்மேல் என்று மாரீஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் அழுகை வந்தது, அழுதாள், ஒரு தகரப்பெட்டி மேல் போயா என்று தன்மேலேயே வெட்கமாகவும் இருந்தது.

காளிராஜ் தாம்பூலப் பையோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான். பை கீழே விழுந்து தேங்காய் உருண்டது. அவன் கேபினெட்டின் முன்னால் மண்டியிட்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"யாரு போட்டா?" என்றான், திரும்பாமல்.

"நான்தான்."

"என்ன பண்ணுன? ராமை மாத்திப் போட்டியா?"

"அமுக்குனேன்."

அவன் நம்பவில்லை. அணைத்துவிட்டுத் தானே அமுக்கினான், புதுவீட்டுப் பக்கமிருந்து யாரோ ஓடிருச்சு ஓடிருச்சு என்று கைதட்டுகிற சத்தம் வந்தது, இங்கே இருட்டாக இருந்தது. அவளை அமுக்கச் சொன்னான், வெளிச்சம் வந்தது. மறுபடி அணைத்தான், அவளை அமுக்கச் சொன்னான், வந்தது. அப்போது அவன் திரும்பி அவளைப் பார்த்தான். எனக்கு வராதது இவளுக்கு எப்படி வந்தது என்று பார்த்தான், கால்விரலிலிருந்து தொடங்கி ஒரு இடத்தையும் விடாமல் மேலே வந்தான், ஊசி குத்திய விரல்களில் கொஞ்சம் நின்றான், முகத்துக்கு வந்து சேர்ந்தான். ராஜகனியின் ஸ்கூட்டரைப் பார்த்த அதே பார்வை.

"இந்த மூக்குத்தி எப்ப போட்ட?" என்றான்.

"போன பொங்கலுக்கு."

"என்கிட்டச் சொல்லவே இல்ல?"

"கண்ணு இருக்குல்ல ஒங்களுக்கு" என்றாள்.

அவன் கம்ப்யூட்டரை அணைத்தான். அவளுக்கு வருவது தனக்கும் வந்தே தீரவேண்டும் என்ற வெறி முகத்தில் ஏறியிருந்தது. "தள்ளு" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை வைத்து அமுக்கினான். முன்னறையில் ஒன்றும் நடக்கவில்லை, உள்ளறையில் தையல் மிஷின் தடதடவென்று ஓடியது. ஊசி வெறுங்காற்றைத் தைத்தது. மாரீஸ்வரி ஓடிப்போய் உட்கார்ந்து பட்டுத் துணியை உள்ளே கொடுத்தாள், கழுத்து வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அவன் கதவோரம் நின்று, தைக்கிற அவள் கைகளைக் கடுப்போடு பார்த்துக்கொண்டே இருந்தான். அது அன்பில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவள் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீடு ஒரு மாதிரியாக ஓடப் பழகிக்கொண்டது. காலையில் எழுந்ததும் முதலில் காளிராஜ் அமுக்குவான். முந்தின நாள் அவள் நன்றாகத் தைத்து, வந்தவர்கள் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தால் அவன் மனசு அதிலேயே எரிந்துகொண்டிருக்கும், உள்ளறையில் மிஷின் ஓடும், அன்றைக்கு அவள் தைப்பாள். அப்படியில்லாமல் அவன் மனசு சோலைமலையின் புது கேமராவுக்கோ குருசாமியின் பல்செட்டுக்கோ போயிருந்தால், அங்கேதான் எங்கேயாவது எதுவாவது ஓடும், அதைக் கேட்ட மாத்திரத்தில் மாரீஸ்வரி அந்தப் பெட்டிமேல் இருந்த பழைய எரிச்சலோடு முகத்தை வெட்டிக்கொண்டு வந்து பட்டனில் குத்துவாள், கம்ப்யூட்டர் ஓடும், அன்றைக்கு அவன் ஆல்பம் போடுவான். இரண்டும் ஒரே நாளில் ஓடியதில்லை. இதையும் தெரு பழகிக்கொண்டது. ஜாக்கெட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "காலையில அவரு மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்பாள் மாரீஸ்வரி, கேட்டவர்களும் நியாயம்தானே என்று போய்விடுவார்கள். ஆல்பத்துக்கு வந்தவர்கள், வீட்டுக்காரம்மா இன்னைக்குக் கோபமா இருக்காகளா என்று வாசலிலேயே விசாரித்துவிட்டு, கோபம்தான் என்றால் சந்தோஷமாக உள்ளே வருவார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் காளிராஜ் அமுக்கினான், உள்ளறையில் சத்தமில்லை. மாரீஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு காதைத் தெருவில் வைத்தாள், எந்த வீட்டில் ஓடுகிறது, இன்றைக்கு யாரிடம் போயிருக்கிறது இவன் மனசு என்று. மில் ஓடவில்லை, பம்பு ஓடவில்லை, தெருக்கோடி வரைக்கும் ஒரு டி.வி.கூடப் பேசவில்லை. அவன் மறுபடி அமுக்கினான், காக்கை கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் வந்து அமுக்கிப் பார்த்தாள், கம்ப்யூட்டர் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத பிள்ளைகள் போல நின்றார்கள்.

"மதர்போர்டு போயிருச்சோ?" என்றான் காளிராஜ்.

"எனக்கு யாரு மேலயும் ஒண்ணும் வரல" என்றாள் மாரீஸ்வரி. "ஒங்களுக்கு?"

அவன் யோசித்துப் பார்த்தான். சோலைமலையை நினைத்தான், குருசாமியின் ஏ.சி.யை நினைத்தான், அவள் விரல்களை நினைத்தான். வயிறு சும்மா கிடந்தது. "இல்ல" என்றான், அவனுக்கே அது அதிசயமாக இருந்தது.

வேலை இல்லையென்றானபின் என்ன செய்வது, அவள் சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, ரசம் கூட்டினாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தான். தன் கையால் உரித்த பூண்டு என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்தான். மதியம் முன்னறையில் தட்டைப் போட்டு, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மின்விசிறி அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. அப்போது ராஜகனி மாவுக்கையோடு வந்து வாசலில் நின்றாள்.

"என்ன மாரி, தெருவே சத்தமில்லாமக் கெடக்கு. எம் மில்லும் நின்னு போச்சு. ஒங்க வீட்டுலயும் ரெண்டும் ஓடலயா? எதும் சண்டையா?"

"சண்ட ஒண்ணும் இல்லக்கா" என்றாள் மாரீஸ்வரி. "அதான் ஓடல."

ராஜகனி உள்ளே வந்தாள். இரண்டு தட்டுகளையும் பார்த்தாள், ஒரே கிண்ணத்திலிருந்து இருவரும் எடுத்துக்கொள்கிற அப்பளத்தைப் பார்த்தாள், காளிராஜின் விரலில் ஒட்டியிருந்த பூண்டுத் தோலைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது, முந்தானையால் அதிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு தடவ அமுக்கிப் பாக்கட்டுமா தம்பி?" என்றாள்.

"அமுக்குங்கக்கா" என்றான் காளிராஜ், கையை நக்கிக்கொண்டே. "யாரு அமுக்குனா என்ன."

ராஜகனி குனிந்து அமுக்கினாள்.

இரண்டும் ஓடின. முன்னறையில் நீலமும் பச்சையும் சுற்றின, உள்ளறையில் மிஷின் தடதடத்தது, அந்த வீட்டில் முதன்முதலாக இரண்டும் சேர்ந்து ஓடின. மாரீஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராஜகனியைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ராஜகனி விரலைப் பட்டனிலிருந்து எடுக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். தைக்க வேண்டிய துணிகள் மாரீஸ்வரிக்கு உள்ளே மலையாகக் கிடந்தன, அவனுக்கு முடிக்க வேண்டிய ஆல்பங்கள் கிடந்தன, இந்த மாதிரி ஒரு நாள் மறுபடி வருமா என்று யாருக்குத் தெரியும். அவள் ஊசியைப் பற்றி நினைக்கவில்லை. அவள் காளிராஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ எழுந்திருப்பான், இதோ தட்டைத் தள்ளிவிட்டு அதனிடம் போவான் என்று பார்த்தாள்.

காளிராஜ் திரும்பி அந்த வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ரசம் ஊத்து" என்றான். "அக்காவுக்கும் ஒரு தட்டு எடுத்து வை."